புதன்கிழமைப் பார்சல்கள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. “அண்ணை, பார்சல் ஒண்டு வந்திருக்கு. படலையடியில நிக்கிறன், ஒருத்தரையும் காணேல்லை” என்றது ஓர் இளம் குரல். அவர் நின்றது விசுவமடுவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே, கிறவல் ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் எங்கள் படலையில். நானோ அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தள்ளி இருந்தேன். மனைவி பாடசாலையில், அம்மா தோட்டத்தில். “நாளைக்கு வாங்கோ தம்பி” என்று சொல்லிவிட்டுக் கோப்புக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் அவர் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தார்; ஆனால் பார்சலுக்குக் கொடுக்க வேண்டிய 1,350 ரூபாவை நான் வைத்துவிட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தபடியால் மூன்றாம் முறை பார்சல் கைக்கு வந்தது. உள்ளே இருந்தவை தண்ணீர் மோட்டருக்குரிய ஒரு சிறிய வால்வும் இரண்டு வாஷர்களும்.

அன்று அவரை விறாந்தையில் இருத்தி ஒரு பிளேன்ரீ கொடுத்தேன். வெட்கம் ஒரு காரணம். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பையைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மற்றொரு காரணம். ஹாண்டிலை விட அகலமான அந்தக் கறுப்புப் பை பழைய ரியூப்பை வெட்டிச் செய்த பட்டிகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பார்சலின் மேலும் தடித்த மார்க்கர் பேனையால் ‘தரும’, ‘விசு’, ‘உடை’ என்று ஊரின் முதல் எழுத்துகள் மட்டும் எழுதியிருந்தன. தருமபுரம் மேலே, விசுவமடு நடுவில், உடையார்கட்டு அடியில். போகும் வழியின் வரிசையே பையின் வரிசை. ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், அந்தப் பார்சல் மீண்டும் பைக்குள் போகும்போது அடுக்கு குலைந்துவிடும், பிறகு ஒவ்வொரு படலையிலும் இறங்கிக் கிளற வேண்டும் என்றார். கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் அவருக்குக் காசு. கொடுக்காமல் திரும்பிய பார்சலுக்கு ஒன்றும் இல்லை. பெற்றோல் எப்போதும் அவருடைய காசுதான்.

அவர் போன பிறகு கணக்குப் பார்த்தேன். கிளிநொச்சியிலிருந்து விசுவமடு வரை வந்து திரும்பும் தூரம் முழுவதையும் என் தலையில் போடுவது நியாயமில்லை. வேறு பல வீடுகளுக்கும் அவர் அதே வீதியால்தான் போகிறார். என் வால்வுக்காக மட்டும் அவர் ஓடிய தூரம், பிரதான வீதியிலிருந்து உள்ளே வந்து வெளியே போகும் ஆறு கிலோமீற்றர். மூன்று முறைக்குப் பதினெட்டு. கிறவலில் இரண்டாம் மூன்றாம் கியரில் குதித்து வரும்போது அவருடைய வண்டி லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடாது என்று அவரே சொன்னார். ஆகவே 450 மில்லிலீற்றர் பெற்றோல். ஒரு லீற்றரை 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 135 ரூபா. முதல் நாளே நான் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் 45 ரூபாவோடு முடிந்திருக்கும். மிச்சம் 90 ரூபாவை அந்தப் பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து நான் எடுத்துக் காற்றில் விட்டிருக்கிறேன். காற்றில் விட்டது காசை மட்டுமல்ல. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். ஏறத்தாழ முக்கால் கிலோ மட்டுமே நிறையுள்ள ஒரு லீற்றர் பெற்றோல் எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் புகையாகும் என்று ஒருமுறை எங்கள் மகள் கேட்டாள். பெற்றோலில் உள்ள காபன் காற்றிலிருந்து ஒட்சிசனை இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்தக் கனம் வருகிறது.

இந்தக் கணக்கு எங்கள் ஊருக்குப் புதியதல்ல. 1990களில் வன்னிக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் அப்பாவின் பழைய கொண்டா மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினை அதைக் கொண்டு இயக்க முடியாது. எனவே மருந்துப் போத்தல் அளவான ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பக்குவமாக வைத்திருந்து, சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகையும் அந்த மணமும் ஒழுங்கை முழுவதும் நிற்கும். எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளிகள் வேண்டும் என்பதால், புதுக்குடியிருப்புக்குப் போவதென்றால் எந்த அலுவலில் நேரம் செல்லும், எதை எஞ்சின் சூடு ஆறுவதற்குள் முடிக்கலாம் என்று முதல்நாள் இரவே யோசித்து வைத்திருப்பார். போகும் செய்தி அயலுக்கும் போய்விடும். ஒரு வீட்டுக்கு மருந்து, ஒரு வீட்டுக்குக் கொப்பி, இன்னொரு வீட்டுக்குத் தையல் மெஷினின் பெல்ற். “ஒரே போக்கில் பாத்திட்டு வாறன்” என்பது அவருடைய வாய்ப்பாடு. ஒரு பொருளுக்காக மட்டும் யாரும் வண்டி எடுத்ததில்லை. எடுத்தால் ஊர் சிரித்திருக்கும்.

2022இல் அந்தக் காலம் வேறு உருவத்தில் திரும்பி வந்ததை எல்லோரும் அறிவோம். யூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாகியது. யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர், முச்சக்கரவண்டிக்கு ஐந்து லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த மாதங்களில் மறுபடியும் நாங்கள் அலுவல்களைச் சேர்த்து வைத்து ஒரே போக்கில் போனோம். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்த முறை நிறுத்தப்பட்டதும் பழக்கமும் கூடவே போய்விட்டது. நானே அதற்குச் சாட்சி: வால்வை ஞாயிறு இரவு ஓடர் பண்ணினேன், அதற்கு இரண்டு நாள் கழித்து அதே மோட்டருக்குரிய குழாய்ப் பசையைத் தனியாக ஓடர் பண்ணினேன். அது வேறொரு நாள் வேறொரு பார்சலாக வந்தது.

வீட்டுக்குப் பொருள் வரவழைப்பதே எரிபொருள் வீண் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 2010இல் பிரித்தானியாவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், ஒரே சுற்றில் 120 வீடுகளுக்குப் பொருள் கொடுக்கும் வான் ஒரு வீட்டுக்கு 181 கிராம் காபனீரொட்சைட்டை வெளியிடுவதாகவும், அதே பொருளுக்காக ஒருவர் தன் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தால் சராசரியாக 4,274 கிராம் வெளியாவதாகவும் கணக்கிட்டிருந்தார்கள். இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. ஆனால் அந்த 181 கிராமின் இரகசியம் வானில் இல்லை, 120 என்ற எண்ணில் இருக்கிறது. 50 மைல் நீளமான ஒரே சுற்றில் 120 படலைகள் இருக்கும் ஊருக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். வன்னியில் வீடுகள் அப்படி அமையவில்லை. குடியேற்றத் திட்டக் காணிகள் ஏக்கர் கணக்கில் விரிந்தவை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டம் இருக்கும், அதற்கப்பால் ஒரு வயல், ஒரு வாய்க்கால். வீடுகளை நெருக்கி வைக்க எங்களால் முடியாது. அவற்றுக்கு வரும் பார்சல்களை ஒரே நாளுக்குள் நெருக்கி வைக்கலாம். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அதை எங்கள் ஒழுங்கையில் செய்து பார்த்தபோது நேர்ந்தவை சொன்ன அளவுக்கு எளிதாக இருக்கவில்லை.

முதலில் ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். எங்கள் ஒழுங்கையில் எட்டு வீடுகள். ஆவணி மாதத்தில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து இருபது பார்சல்கள் வந்தன. அவற்றைக் கொடுப்பதற்காகப் பையன் ஒழுங்கைக்குள் இருபத்தாறு முறை வந்து போனார். வந்த முறைகள் பார்சல்களை விடக் கூடியதற்குக் காரணம் பூட்டிய படலைகளும் காசில்லாத கைகளும். ஆறு கிலோமீற்றர்ப்படி 156 கிலோமீற்றர். நான்கு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2022இல் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கிழமைக்கு அளந்து கொடுத்த பெற்றோல் எட்டு வீட்டின் செருப்புக்கும் போன் கவருக்கும் சுடிதார் துணிக்குமாக ஒரே ஒழுங்கையில் எரிந்திருந்தது.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கொழும்பிலிருந்து வரும் லொறி விடியற்காலையில் சேர, தரம் பிரித்து, பை கட்டி, பையன்கள் புறப்பட ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் பக்கம் வரும்போது பதினொரு மணி. அந்த நேரத்தில்தான் எங்கள் ஒழுங்கையில் ஆட்களே இருப்பதில்லை. ஆடைத்தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளை விடிய முன்னரே பஸ் ஏற்றிச் சென்றுவிடும், வயல்காரர் வயலில், ஆசிரியர்கள் இரண்டு மணிக்குப் பிறகுதான் திரும்புவார்கள், என்னைப் போன்ற கந்தோர்க்காரர் ஐந்தரைக்கு. அதாவது வண்டி வரும் மணியும் ஆட்கள் நிற்கும் மணியும் ஒன்றையொன்று கண்டதே இல்லை. அப்படியென்றால் பின்னேரம் வரச் சொல்லலாமே என்று எண்ணத் தோன்றும். பின்னேரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆறரைக்குப் பிறகு சூடான தார் வீதியில் மாடுகள் வந்து படுத்துவிடும். கறுப்பு மாடு கறுப்பு வீதியில் ஹெட்லைற் வெளிச்சத்துக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் யானையும் சேர்ந்துகொள்ளும். பையனுடைய பெற்றோலைச் சேமிக்கப் போய் அவருடைய காலை உடைக்க முடியாது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து பரந்தனை நோக்கித் திரும்புகிறவருக்கு அந்தக் காற்று இடப்பக்கத்திலிருந்து சாய்வாக முகத்தில் மோதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். முதுகுக்குப் பின்னால் பாய்மரம் போல நிற்கும் அந்தப் பை அதை இன்னும் கூட்டும். திரும்பும் போது பை வெறுமையாக, மடித்துக் கட்டக்கூடியதாக இருந்தால் அந்தச் சுமை குறையும். கொடுக்க முடியாத ஐந்தாறு பார்சல்களோடு உப்பிப்போய்த் திரும்பினால் பார்சலையும் சுமந்து காற்றையும் சுமக்க வேண்டும். திரும்பும் பார்சல் இரண்டு தரம் எரிபொருள் குடிக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். இரண்டரை என்று சொல்வது பொருத்தம்.

எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்குப் பின்னர் என்ற வரிசையைக் கணினிகளிடம் விட்டுவிடலாம். பத்து வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே போகக்கூடிய வரிசைகள் 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800. அமெரிக்காவின் யூபிஎஸ் பார்சல் நிறுவனம் எதிரே வரும் வாகனங்களை ஊடறுத்துத் திரும்ப வேண்டிய திருப்பங்களை இயன்றவரை தவிர்த்தே தன் வண்டிகளின் வழிகளை அமைக்கிறது. சந்தியில் எஞ்சின் ஓட ஓடக் காத்துநிற்கும் நேரம் அங்கே எரிபொருளாகப் போகிறது. எங்கள் வீதியில் திரும்புவதற்குக் காத்திருக்க எதிரே வாகனமே வராது. எங்களுக்கு உதவக்கூடியது அமேசன் 2019இல் தொடங்கிய வேறொரு வழக்கம். வாடிக்கையாளர் கிழமையில் ஒரு நாளைத் தெரிவுசெய்தால், அந்தக் கிழமையில் அவர் வாங்கியவை எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து சேரும். அப்பா போத்தல் பெற்றோலோடு செய்ததைத்தான் அவர்கள் பெரிய அளவில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

புரட்டாதி தொடங்கியதும் எட்டு வீட்டிலும் பேசினேன். புதன்கிழமை, பின்னேரம் நான்கிலிருந்து ஐந்தரைக்குள், எங்கள் பார்சல்கள் எல்லாம் ஒன்றாக வரட்டும்; வீட்டில் நிற்காதவர்களின் காசு பிள்ளையார் கோயிலுக்கு முன்வீட்டு மாமியிடம் காலையிலேயே போய்விடட்டும். பையனுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பார்சல் கிளைக்கு வந்து இவ்வளவு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று அவருடைய செயலியில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். வியாழன் வந்த பார்சலை அடுத்த புதன் வரை வைத்திருந்தால் அது அவருடைய பெயருக்குத் தவறாகப் பதியும். வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார் என்று பதியலாம். ஆனால் ஒரே ஒழுங்கையில் எல்லோரும் அப்படிக் கேட்டால் கிளையிலிருந்து கேள்வி வரும். வந்தது. ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, “ஏன் சேர், பார்சல் வேண்டாமோ?” என்று கேட்டார். வேண்டும், புதன்கிழமை வேண்டும் என்று விளக்கி முடிக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. விரைவாகக் கொண்டுவந்து கொடுத்தால்தான் வாடிக்கையாளர் மகிழ்வார் என்று கட்டப்பட்ட ஓர் ஏற்பாட்டிடம், ஆறுதலாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்வதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை.

ஆகவே கெடுவை மாற்ற முடியாமல், ஓடர் பண்ணும் நாளை மாற்றினோம். கொழும்பில் ஏற்றிய பார்சல் கிளிநொச்சிக்கு வர வழக்கமாக இரண்டு மூன்று நாளாகும் என்பதைக் கொப்பி காட்டியது. ஞாயிறு மாலை ஓடர் பண்ணினால் பெரும்பாலும் புதன் காலை பைக்குள் இருக்கும். அவசரமில்லாத எதையும் ஞாயிறு வரை செயலியின் கூடைக்குள்ளேயே வைத்திருப்பது என்று முடிவாகியது. இதனால் எதிர்பாராத ஒரு மிச்சமும் வந்தது: வெள்ளி இரவு ஆசைப்பட்ட பொருள்களில் சில ஞாயிறு மாலைக்குள் தேவையற்றவையாகத் தோன்றிக் கூடையிலிருந்து வெளியேறின. சம்பளத் திகதியையும் பார்த்துக்கொண்டோம். அரச சம்பளம் 25ஆம் திகதி. 20ஆம் திகதி வந்து நிற்கும் பார்சலுக்குக் கொடுக்க அநேகம் வீடுகளில் முழுக்காசு இருக்காது. ஆவணியில் திரும்பிப்போன ஆறு தடவைகளில் நான்கு அந்த நாட்களுக்குள் விழுந்தவை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஐப்பசிக் கணக்கு இப்படி இருந்தது: பதினெட்டுப் பார்சல்கள், ஆறு வரவுகள். நான்கு புதன்களும், சொன்னபடி கேட்காத இரண்டு பார்சல்களும். ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்கு ஒழுங்கைக்குள் ஓடியதையும் சேர்த்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஒரு லீற்றர். அந்த இரண்டில் ஒன்று அடுத்த வீட்டு ஐயாவின் பிரஷர் பார்க்கும் கருவி. அதைப் புதன் வரை வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது. மற்றது, மலிவு விற்பனை இரவில் என் மனைவி வாங்கிய ஒரு சாடி. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

சந்திக் கடையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போகச் சொன்னால் இன்னும் மிச்சமாகுமே என்று சிலர் கேட்டார்கள். தினமும் அந்தச் சந்தியால் போய் வருகிறவர்களுக்கு அது நல்ல வழி. நான் இப்போது கனமில்லாதவற்றை அங்கேதான் எடுக்கிறேன். ஆனால் பார்சலை எடுப்பதற்காகவே ஒவ்வொரு வீடும் தன் மோட்டார் சைக்கிளை உதைத்து மூன்று கிலோமீற்றர் போனால், பையன் ஒருவர் ஓட வேண்டியதை எட்டுப் பேர் ஓடுவார்கள். பழைய ஆட்கள் இதை நன்றாக அறிவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பஸ்ஸில் பார்சல் போட்டுவிடும் வழக்கம் எங்களிடம் எப்போதும் உண்டு. கொண்டக்ரரிடம் கொடுத்து, பஸ் இலக்கத்தை அழைத்துச் சொல்வார்கள். வாங்குகிறவர் அந்த நேரத்துக்கு ஹோல்ட்டில் நிற்பார். பஸ் எப்படியும் வருகிறது, பார்சலுக்கென்று ஒரு சொட்டு டீசலும் கூடுதலாகப் போவதில்லை. வாங்கப் போகிறவரும் பாலுக்கோ மரக்கறிக்கோ போகிற போக்கில்தான் போவார். பின்னேரம் பழகிய மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் பேக்கரி ஓட்டோவும் அதே சாதிதான்: அது எந்தப் படலையிலும் யாரையும் தேடுவதில்லை, தன் நேரத்துக்கு வருகிறது, பாண் வேண்டியவர்கள் காசோடு படலைக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் புதன்கிழமையை நான் மாமிக்கு விளங்கப்படுத்த முயன்று தோற்றபோது, “பாண்காரன் மாதிரி எண்டு சொல்லுங்கோவன்” என்று அவர்தான் முடித்துவைத்தார்.

இப்போது கார்த்திகை. மழை தொடங்கியதிலிருந்து ஒழுங்கையின் நடுவில் உள்ள மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது, கிறவல் கரைந்து சேறாகிவிட்டது. அந்தச் சேற்றுக்குள் முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தால் லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் என்ற கணக்கு எடுபடாது. எனவே தை பிறக்கும் வரை புதன்கிழமைப் பார்சல்கள் மதகைத் தாண்டாமல் பிரதான வீதிப் பக்கமாகவே, மாமியின் விறாந்தையில் இறங்குகின்றன. சென்ற புதன் நான் குடையோடு போனபோது, அவர் எட்டு வீட்டுக்கும் எட்டுச் சீமெந்துப் பைத் துண்டு விரித்து, ஒவ்வொன்றின் மேலும் அந்தந்த வீட்டுப் பார்சலை வைத்து, மூலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மிச்சக்காசும் போட்டு வைத்திருந்தார். என்னுடைய துண்டின் மேல் ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிறு மாலை ஓடர் பண்ண மறந்துவிட்டிருந்தேன். வால்வு மறுபடியும் ஒழுகுகிறது, அடுத்த ஞாயிறு வரை கீழே ஒரு வாளியை வைத்திருக்கிறோம்.